சாம்பல் நிற அட்டை

ஜனவரி 12

சகலைக்கு,

உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் பிரித்ததற்கு நன்றி. நம் வீட்டுக்காரிகள் அக்காவும் தங்கையும் போனை வைத்தால்தானே நமக்குள் செய்தி போகாமல் இருக்கும்? நீ கண்ணாடி மாற்றியது எனக்குத் தெரியும். என் மூட்டுவலி உனக்கு வந்து சேர்ந்திருக்கும். நாம் இருவர் மட்டும்தான் பேசிக்கொள்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் தொடங்கிய வரைகலை வடிவமைப்பாளர் சங்கத்துக்கு வரும் செப்டம்பரில் நாற்பது வயது. வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போதைய செயலாளர் சின்னப் பெண், சுறுசுறுப்பானவள். "சார், உயிரோட இருக்கிறவங்கள்ல உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். புகழ்ந்தாளா திட்டினாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தொடக்கக் கூட்டத்துக்கு நாம் வடிவமைத்த அழைப்பிதழில் தேதியும் இல்லை, இடமும் இல்லை, நினைவிருக்கிறதா? அதை இப்படி எழுதியிருக்கிறேன்: "உண்மையான ஆர்வமுள்ளவர்கள் தேடி வரட்டும் என்று நிறுவனர்கள் இருவரும் தேதியையும் இடத்தையும் வேண்டுமென்றே மறைத்தனர்." எப்படி? எனக்கே புல்லரித்தது.

படித்துத் திருத்தி அனுப்பு. செப்டம்பர் பொதுக்கூட்டத்துக்கு வா. பழையதைக் கிளற மாட்டேன்.

உன் மூத்த சகலை

ஜனவரி 25

சகலை,

பொய்.

மறைக்கவில்லை. மறந்தோம். அப்படியே எழுது.

'சங்கம்' என்ற சொல்லின் முதல் எழுத்து வளைவு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று நாள் கணக்கில் சண்டை போட்டோம். அட்டையைத் தலைகீழாக வைத்துப் பார்த்தோம். கண்ணாடியில் காட்டிப் பார்த்தோம். நீ தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாய். இவ்வளவு பார்த்தவர்கள் ஒரு தடவை வாசித்துப் பார்க்கவில்லை. மொத்தமும் அச்சாகித் தபாலில் போன பிறகு அச்சகக்காரர் கேட்டார்: "அது சரி, கூட்டம் என்னிக்கு?"

உன் முகம் போன போக்கு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததையும் எழுது. காகிதக் கிடங்குக்கு மேலே இருந்த உன் அறைக்கு ஆட்கள் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது சோப்பு அக்கா. ஊரில் பாதி சோப்புகளுக்கு உறை வரைந்தவர். "இவ்ளோ அழகா அடிச்சிருக்கீங்க, எங்க வரணும்னு போடக்கூடாதா?" என்று வாசலில் நின்று கேட்டார். கேட்க வந்தவர் உட்கார்ந்தார். பையிலிருந்து தன் வேலையை எடுத்துக் காட்டினார். அடுத்த நாள் தைலப் புட்டிக்கு லேபிள் போடுபவர். அப்புறம் சுவரொட்டிக்காரர்கள், பிஸ்கட் டப்பாக்காரர். ஒவ்வொருவரும் அதுவரை தனியாகவே வேலை செய்தவர்கள். கூட்டம் நடக்கும் முன்பே சங்கம் உண்டாகிவிட்டது. தப்பால் உண்டானது. அதில் என்ன வெட்கம்?

ஏழாம் அத்தியாயத்தை அனுப்பு. முதலாவதை மட்டும் அனுப்பியதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

போன் செய்யாதே. போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் எனக்கும் இடம் கிடைக்கிறது.

இளைய சகலை

பிப்ரவரி 6

சகலைக்கு,

"மறந்தோம்" என்றே மாற்றிவிட்டேன். செயலாளர் பெண் படித்துவிட்டு மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். என் பழைய வரியைப் படித்தபோது தலையை மட்டும் ஆட்டினாள். சரி, நீ ஜெயித்தாய்.

ஏழாம் அத்தியாயம் இத்துடன். தலைப்பு: 'உலகம் நம்மை அறிந்த ஆண்டு.' அதற்கு முன் ஐந்தாம் அத்தியாயத்தையும் படி. அந்தப் பெரிய பால் நிறுவனம் நம் எல்லோரிடமும் இலவசமாக மாதிரி வரைந்து காட்டச் சொன்னதே, பிடித்தவருக்கு வேலை, மற்றவருக்குக் கும்பிடு என்று. நம் ஆட்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், வெறும் வெள்ளைத் தாளை உறையில் போட்டு அனுப்பினோம். அவர்களுடைய மேலாளர் அத்தனை வெள்ளைத் தாளையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு விழித்தாராம். அதற்கப்புறம்தான் இந்தத் தொழிலில் முதலில் பேச்சு, அப்புறம் படம் என்ற வழக்கமே வந்தது. அந்த யோசனை உன்னுடையது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். இன்றைக்குப் பிள்ளைகள் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பென்சிலையே எடுக்கிறார்கள். அந்தப் படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மார்பு விரியும். உனக்கும் விரியும், ஒப்புக்கொள்ள மாட்டாய்.

ஏழாம் அத்தியாயத்தில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உலக வடிவமைப்பாளர் கூட்டமைப்பு நம்மைச் சேர்த்துக்கொள்ள ஒரு நிபந்தனை போட்டது: கலைக்கல்லூரியில் படித்தவர்கள், இல்லையென்றால் புத்தகமோ சுவரொட்டியோ வடிவமைத்தவர்கள் மட்டும்தான் முழு உறுப்பினர். உறை, லேபிள், அட்டைப்பெட்டி போடுபவர்கள் துணை உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வரலாம், ஓட்டுக் கிடையாது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டதால்தான் நம் கண்காட்சி எங்கெங்கோ போனது, நம் பிள்ளைகளுக்கு வெளியில் மரியாதை கிடைத்தது. நிறுவனர் என்பதால் உனக்கு அந்த விதியிலிருந்து விலக்கும் வாங்கி வைத்திருந்தேன். நீதான் உறுப்பினர் அட்டையை மேஜையில் எறிந்துவிட்டுப் போனாய்.

மூத்தவன்

பிப்ரவரி 20

சகலை,

எறியவில்லை. வைத்தேன்.

உன் அத்தியாயத்தில் கண்காட்சி இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. அட்டை இல்லை. நான் சொல்கிறேன், எழுதிக்கொள்.

முழு உறுப்பினருக்குக் கருநீல அட்டை. துணை உறுப்பினருக்குச் சாம்பல் நிற அட்டை. இரண்டையும் வடிவமைத்தவன் நீ. இரண்டில் சாம்பல்தான் அழகு. ஓரத்து இடைவெளி, எழுத்தின் அமைதி, தொட்டால் தெரியும் அந்தக் காகிதம். இவ்வளவு அழகாக யாரும் யாரையும் அவமானப்படுத்தியதில்லை.

சோப்பு அக்காவின் கையில் நீ அதைக் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல காகிதம்" என்றார். பைக்குள் வைத்துக்கொண்டார். தேதியில்லாத அழைப்பிதழைப் பிடித்துக்கொண்டு முதலில் மாடிப்படி ஏறி வந்தவர் அவர். அவருக்கு ஓட்டில்லாத இடத்தில் எனக்கு விலக்கு எதற்கு? நானும் மருந்து அட்டைப்பெட்டி போடுகிறவன்தான். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

அந்த அத்தியாயத்தை அப்படியே அச்சிட்டால் என் பெயரை எல்லா அத்தியாயத்திலிருந்தும் எடுத்துவிடு. வெள்ளைத் தாளையும் நீயே வைத்துக்கொள். நான் வரமாட்டேன்.

இளையவன்

மார்ச் 9

சகலைக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமைக் கூட்டம். சோப்பு அக்கா வழக்கம்போல வந்திருந்தார். கோபத்தில் உன் கடிதத்தை அவரிடமே நீட்டிவிட்டேன். பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"உங்க சகலைக்கு என் மேல பாசம் அதிகம்தான். ஆனா இதை எழுதுங்க. எனக்காகக் கோவிச்சுக்கிட்டு அவர் போயிட்டார். நான் போகலை. மாசாமாசம் வரேன், பின்வரிசையில உட்கார்றேன், டீ குடிக்கிறேன், ஓட்டுன்னு வந்தா கையைக் கட்டிக்கிறேன். அவர் உள்ள இருந்திருந்தா எனக்காக ஒரு கையையாவது தூக்கியிருப்பார். ரோஷம் அவருக்கு, நஷ்டம் எனக்கு."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மறைப்பானேன்? ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் என்னவாம்? உள்ளயே இருந்தீங்க. எந்தக் கையைத் தூக்குனீங்க?"

குஷி போன இடம் தெரியவில்லை.

ஆகவே கேள். அந்த விதியை எடுக்கும் தீர்மானத்தை செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் நானே கொண்டுவருகிறேன். அப்போது செய்தது தப்பு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். கூட்டமைப்பே அந்த நிபந்தனையை எப்போதோ கைவிட்டுவிட்டது, நாம்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். கிடைக்கிற மாதிரி தெரியவில்லை. சின்னவர்களில் ஒரு பையன், நல்ல வேலைக்காரன், மூக்குமேல் கோபம், முகத்துக்கு நேரே கேட்டான்: "நாலு வருஷம் உருண்டு பொரண்டு படிச்சோம் சார். அதுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?" அவன் பின்னால் பாதிக் கூட்டம் நிற்கிறது. தோற்றால் இன்னொரு பத்து வருடத்துக்கு யாரும் இதைத் தொடமாட்டார்கள். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது.

உனக்குக் கௌரவ உறுப்பினர் பதவி தர குழு தயாராக இருக்கிறது. ஓட்டும் உண்டு. வந்து மேடையில் நின்று இரண்டு வார்த்தை பேசு. நீ பேசினால் கேட்பார்கள். நான் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துவிட்டது.

மூத்தவன்

ஏப்ரல் 14

சகலை,

தாமதத்துக்குக் காரணம் உன் மைத்துனியைக் கேட்டால் சொல்வாள். "அங்கிருந்து வந்த லெட்டர்ல என்ன குத்துச்சு? சாப்பாட்டுல கோவத்தைக் காட்டுறீங்க" என்றாள்.

அக்கா சொன்னது சரி. இத்தனை வருடம் நான் அவர் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வேறு ஊரில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

கௌரவப் பதவி வேண்டாம். மேடை வேண்டாம். பேச்சு உன் இலாகா.

இத்துடன் சாதாரண உறுப்பினர் விண்ணப்பம். புதிதாக வரும் பையன்கள் நிரப்பும் அதே படிவம். 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். வேலை மாதிரியாக மூன்று மருந்துப் பெட்டிகள். ஒன்று மூட்டுவலி மருந்து. உன் அலமாரியிலும் இருக்கும், என் வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் முனகியிருக்கிறாய். உறுப்பினர் குழுவிடம் நான் யாரென்று நீயாகச் சொல்லாதே. விதிப்படி எனக்கு எந்த அட்டையோ, அதைக் கொடுக்கச் சொல்.

இளையவன்

மே 5

அட படுபாவி,

மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒருமுறை கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது வேறு.

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. குழுவில் நம் மூக்குமேல் கோபக்காரன்தான் விண்ணப்பங்களைப் பார்க்கிறவன். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். "அருமையான வேலை. ஆனா புத்தகமும் இல்லை, போஸ்டரும் இல்லை, படிப்பும் இல்லை. துணை உறுப்பினர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். உன் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. வரலாறு இன்னும் அச்சாகவில்லையே.

செயலாளர் பெண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஓடி வந்தாள். "சார், இது அவர் ஆரம்பிச்ச சங்கம் சார்!"

"விதி என்னம்மா சொல்லுது?" என்றேன்.

நின்றாள். போய் அட்டையைத் தயார் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கெட்டிக்காரி.

இதோ, நான் வடிவமைத்த சாம்பல் நிற அட்டை, உன் பெயருடன். உறைக்குள் வைக்கும்போது என் கை கூசியது. பின்வரிசையில்தான் உனக்கு இடம்.

மூத்தவன்

மே 16

சகலை,

அட்டை வந்தது. இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவேன். உன் மைத்துனி தன் அக்கா வீட்டில் தங்கிவிட்டு வருவாளாம். ஸ்டேஷனுக்கு வராதே. வந்தால் அங்கேயே ஆரம்பித்துவிடுவாய்.

இளையவன்

செப்டம்பர் 22

சகலைக்கு,

என் வாழ்நாளில் கேட்ட பேச்சுகளிலேயே சிறந்தது நீ அன்றைக்குப் பேசாமல் இருந்ததுதான்.

திரையில் நான் முதல் அழைப்பிதழைக் காட்டித் தேதி மறந்த கதையைச் சொன்னதும் கூடமே குலுங்கியது. "இதுல எழுத்து போட்டவர் இன்னிக்கு வந்திருக்காரா சார்?" என்று நம் கோபக்காரன் கேட்டான். நான் உன் பெயரைச் சொல்லிப் பின்வரிசையைக் கைகாட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. சரியாக அந்த நேரத்தில் செயலாளர் எழுந்து, தீர்மானத்தை வாசித்து, "முழு உறுப்பினர்கள் மட்டும் கை தூக்கலாம்" என்றாள். நீயும் சோப்பு அக்காவும் பக்கத்தில் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. சட்டைப் பையில் அந்த அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் முகத்தை நீ கவனித்தாயா? உன்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி உன்னைப் பார்த்தான். மருந்துப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. "இவருக்கே ஓட்டு இல்லையா?" என்றான், குரல் இறங்கி.

"விதி அப்படித்தான், தம்பி" என்றார் அக்கா. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

முதலில் எழுந்த கை அவனுடையது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நான் தயார் செய்த பேச்சு பையிலேயே தூங்கியது. எண்ணத் தொடங்கியதும் நீ நழுவிவிட்டாய். தீர்மானம் ஜெயித்தது என் வீட்டுக்காரி சொல்லித் தெரிந்திருக்கும். அதற்கடுத்து நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடி விழுந்தது எனக்கு.

அடுத்த தீர்மானம், சங்க வரலாற்றை அச்சிட ஒப்புதல். கூட்டம் நல்ல உற்சாகத்தில் இருந்தது. ஆதரிப்பவர்கள் என்றதும் காடு மாதிரி கைகள். எதிர்ப்பவர்கள் என்று ஒப்புக்குத்தான் கேட்டாள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

சோப்பு அக்கா. எழுந்தே நின்றுவிட்டார்.

"இவர் எனக்குப் படிக்கக் கொடுத்த ஏழாவது அத்தியாயத்தை ஒத்துக்க மாட்டேன். அந்த வருஷம் இந்தச் சங்கம் வெளியில எவ்ளோ பெருசாச்சுன்னு எழுதியிருக்கார். உள்ள எவ்ளோ சின்னதாச்சுன்னு எழுதலை. ரெண்டும் வரணும். ஓட்டு கிடைச்ச அன்னிக்கே இவருக்கு எதிரா போடுறேன்னு நெனைக்காதீங்க. இது எங்க வரலாறு, சரியா இருக்கணும்."

 கோபக்காரன் கையை மாற்றித் தூக்கினான். செயலாளர் பெண் தூக்கினாள். ஒவ்வொன்றாக எழுந்தன. என் சொந்தப் புத்தகம் என் கண் எதிரே தோற்றுக்கொண்டிருந்தது. சகலை, நீ நம்பமாட்டாய், எனக்குப் பெருமையாக இருந்தது. தேதியைக்கூடப் போடத் தெரியாத இரண்டு மடையர்கள் தொடங்கிய சங்கத்தில், இத்தனை வருடம் வாயடைத்து வைத்திருந்த ஒருவர் எழுந்து, பெரியவன் என்று சொல்லப்பட்டவனை மூஞ்சிக்கு நேரே திருத்துகிறார், எல்லோரும் கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய சங்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நானும் கையைத் தூக்கினேன்.

ஏழாம் அத்தியாயத்தை நீங்கள் இருவரும் எழுத வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்திருக்கிறது. அக்கா சொல்ல, நீ எழுத. எனக்குப் பிழை திருத்தும் வேலை மட்டும். உன் கருநீல அட்டை தயார். இந்த முறை நேரில் வந்து வாங்கிக்கொள்.

மூத்தவன்

செப்டம்பர் 30

சகலை,

அத்தியாயம் எழுதுகிறேன். முதல் சனிக்கிழமை வருகிறேன். அக்காவிடம் சொல். இனிமேல் மாதாமாதம் வருவேன் என்றும் சொல்.

நானும் அங்கே இருந்திருந்தால் உனக்கு எதிராகத்தான் தூக்கியிருப்பேன். ஆனால் நீயே தூக்கினாய் என்று உன் மைத்துனி சொன்னபோது, "என் சகலைடி" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். உன் வீட்டுக்கும் இதற்குள் செய்தி வந்திருக்கும்.

எண்ணி முடிக்கும்வரை இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நழுவினேன். போனையும் அணைத்து வைத்துவிட்டேன். ரயிலில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஏதோ இரும்புச் சாமான் வியாபாரி. என் சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்து, "என்னங்க அது, பாக்க நல்லாருக்கே?" என்றார்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கு அப்போது தெரியாது. தோற்றிருந்தால் எனக்கு அங்கே ஓட்டுக்கூடக் கிடையாது. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்:

"எங்க சங்கம்."

அவர் மேலே கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். அவர் தன் ஊரில் இறங்கும்வரை விடவில்லை.

இளையவன்